வெட்டுப்பட்ட முகங்கள்

(ஓசூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பழங்காசு சேர்ப்பவர்களிடம் ரோமானியக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, முகம் எப்படி இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். மூக்கு மழுங்காமல் இருக்கிறதா, கண் தெரிகிறதா, தலையில் சூடிய இலைமாலை எண்ணும்படி இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். இந்தக் கேள்விகளில் தவறில்லை. அரசனின் முகத்தைக் கட்டைவிரல் நகத்தளவு உலோகத்தில் உயிரோடு நிறுத்திய கலை அது. ஆனால் தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய கர்நாடகத்திலும் இருந்துகொண்டு சேகரிப்பவருக்கு இந்த அளவுகோல் போதாது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. நம் மண்ணில் ரோமானிய முகம் வெறுமனே பார்க்கப்படவில்லை. அதை அடையாளமாக வைத்துக் காசைத் தேர்ந்தெடுத்தார்கள், உளியால் வெட்டினார்கள், துளையிட்டுக் கழுத்தில் அணிந்தார்கள், நம் அரசர்கள் அதைப் பார்த்துத் தங்கள் முகத்தையே காசில் பொறித்தார்கள். இந்தத் தடங்களைச் சுமந்திருக்கும் காசுதான் நமக்கு முதல்தரக் காசு. பழுதே இல்லாத முகம் அதற்கு அடுத்த படியில்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கலையை முதலில் முழுதாக மதித்துவிட்டு மேலே போவோம். கைக்கடிகாரப் பாகத்தையும் மோட்டார் சைக்கிள் பாகத்தையும் டை வைத்து அழுத்தி எடுக்கும் ஊர் இது. டூல் ரூமில் வேலை செய்பவருக்கு ரோமானியக் காசு எப்படிப் பிறந்தது என்பதை விளக்கச் சில வாக்கியங்கள் போதும். முகம் செதுக்கிய டை கீழே, பட்டறைக்கல்லில் அசையாமல் பதிந்திருக்கும். பின்புறத்தின் உருவம் கையில் பிடிக்கும் மேல் பஞ்சில் இருக்கும். இடையில் எடை பார்த்த வெள்ளிப் பில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் காசு. நேரடியாக அடிவாங்கும் மேல் டை சீக்கிரம் தேயும், உடையும். கீழ் டை அதைவிட நீண்ட நாள் உழைக்கும். முகத்தைக் கீழே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். செதுக்குவதோ வலம் இடமாக, மேடு பள்ளமாக, எல்லாமே தலைகீழ். இன்றைய கணினி உதவி எதுவும் இல்லாமல் இப்படித் தலைகீழாக வெட்டிய இரும்பிலோ வெண்கலத்திலோ இருந்து ஒரு மனிதனின் கன்னத்துச் சதை எழுந்து வந்தது. ரோம் நகரத்து அக்கசாலை உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் முதன்முதலாகப் பொறித்தது கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசருக்காக. அதன்பின் ஒவ்வோர் அரசருக்கும் ஒரு முகக் கொள்கை உருவானது. அகஸ்டஸ் அறுபதைத் தாண்டிய பிறகும் காசில் இளைஞனாகவே இருந்தார். நீரோவின் முகமோ ஆண்டுக்கு ஆண்டு கழுத்தும் தாடையும் பெருத்துக்கொண்டே போவதை மறைக்காமல் காட்டியது. இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும்.

அந்த ஆசைதான் பன்னிரு சீசர் வரிசை என்ற சேகரிப்பு முறையாக ஐரோப்பாவில் வேரூன்றியது. ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை, சூட்டோனியஸ் வாழ்க்கை வரலாறு எழுதிய பன்னிருவரின் முகங்களையும் சேர்ப்பது அது. இங்கே சேகரிக்கத் தொடங்கும் இளைஞர்களும் இதே பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நம் நிலம் தந்திருக்கும் காசுகள் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படுவதில்லை. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842 தொடங்கிப் பலமுறை புதையல்கள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் கிடைத்த 1398 வெள்ளிக்காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருக்கே உரியவை. கரூர், பொள்ளாச்சி, திருப்பூரை அடுத்த கத்தாங்கண்ணி என்று கொங்குநாடு முழுக்க இதே கதை. எல்லையைத் தாண்டினால், பெங்களூரு யஷ்வந்த்பூரில் ரயில்பாதை வேலையின்போது 1891-இல் 163 வெள்ளிக்காசுகளும், எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 1965-இல் 256 காசுகளும் கிடைத்தன. அங்கேயும் இந்த இரண்டு முகங்களுக்கே பெரும்பங்கு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் இந்த இரு தொகுதிகளுக்கும் நடுவில் அமைந்த நிலம். கொங்கிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வழிகளைத் தன்னுள் வைத்திருக்கும் பழைய தகடூர் நாடு. கால்பா, ஓத்தோ, விடெல்லியஸ் என்று கி.பி. 69-இல் மாறி மாறி ஆண்டவர்களின் முகங்களைத் தேடி இங்குள்ளவர் அலைந்தால், அவர் சேர்ப்பது வேறொரு நாட்டின் வரலாறாகிவிடும். அதில் குற்றமில்லை, ஆனால் காலடியில் இருக்கும் கேள்வி கைநழுவிப் போகிறது. ஏன் இந்த இரண்டு முகங்கள் மட்டும் இத்தனை ஆயிரமாக இங்கே வந்தன?

பதிலுக்கு முதல் துப்பைத் தருபவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் தம் நூலில் அங்கலாய்த்தது பலருக்கும் தெரியும். அதே நூலில் அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு, அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. ரோமானிய வரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார். அவரிடமிருந்த தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பார்த்த அந்நாட்டு அரசன், காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு மனிதர்களுடையவையாக இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு வியந்தானாம். அந்த நேர்மையை மெச்சியே கிளாடியஸ் அரசவைக்குத் தூதர்களை அனுப்பினானாம். ரோமானியர் தம் பெருமைக்காக மெருகேற்றிச் சொன்ன கதையாகவே இது இருந்தாலும், அதிலுள்ள பார்வை கவனிக்கத்தக்கது. நம் பக்கத்துக் கடற்கரையில் ஒருவர் ரோமானிய முகத்தைப் பார்க்கிறார். உடனே தராசை நோக்கித் திரும்புகிறார். அவரைப் பொறுத்தவரை முகம் என்பது எடைக்கும் மாற்றுக்குமான உறுதிமொழி.

கி.பி. 64-இல் நீரோ செய்த மாற்றம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. அதற்கு முன் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 தெனாரியஸ் அடித்தார்கள். நீரோ அதை 96 ஆக்கினார், வெள்ளியின் மாற்றையும் குறைத்தார். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் அரிது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பழைய காசுகளைத் தேடிப் பொறுக்கியே வணிகர்கள் கப்பலேற்றினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இது வலுவான அடிப்படை. அப்படிப் பொறுக்கும்போது ஒவ்வொரு காசையும் உரைத்தா பார்த்திருப்பார்கள்? முகத்தைப் பார்த்தார்கள். பின்புறத்தில் தாங்கள் எதிர்பார்த்த உருவம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்: அகஸ்டஸ் காசென்றால் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் அவருடைய பேரர்கள் கையஸும் லூசியஸும், டைபீரியஸ் காசென்றால் அமர்ந்திருக்கும் பெண். டைபீரியஸின் அந்தக் காசு அவர் ஆண்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய மாறவே இல்லை. முகவேறுபாட்டை ரசிக்கும் சேகரிப்பாளருக்குச் சலிப்பூட்டும் காசு அது. மிளகு விற்ற கைகளுக்கு அந்த மாறாமைதான் தேவைப்பட்டது. யவனர் பொன்னோடு வந்து கறியோடு மீளும் முசிறித் துறையைப் பாடும் அகநானூற்றின் 149-ஆம் பாட்டும் பொன்னைத்தான் சொல்கிறது. பொன்னில் இருந்த அரசனின் முகத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இனி வெட்டுக்கு வருவோம். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையிலான அவுரியஸ்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல் ஆழமான ஒரு வெட்டு இருக்கிறது. உளி அல்லது கத்தியின் வெட்டு. அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது. முகம் இருக்கும் பக்கத்தில், தலையின் மேலேயே, கன்னத்தையோ கழுத்தையோ குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது வெட்டு. பின்புறத்தை விட்டுவிட்டார்கள். நல்கொண்டா மாவட்டம் அக்கன்பள்ளியில் கிடைத்த வெள்ளிக்காசுகளிலும் இதே பழக்கம் தெரிகிறது. முகத்துக்காகச் சேகரிப்பவர் இதைக் கண்டால் கையை எடுத்துவிடுவார். விலைப்பட்டியலில் வெட்டு என்பது குறைபாடு; விலை சரிந்துவிடும்.

ஏன் வெட்டினார்கள் என்பதற்கு மூன்று விளக்கங்கள் வழக்கில் உள்ளன. உள்ளே செம்போ ஈயமோ இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒன்று. சோதனைதான் நோக்கமென்றால் ஓரத்தில் சிறு கீறல் போதும். எந்தப் பக்கத்திலும் கீறலாம். ஒவ்வொரு முறையும் தலையையே தேடிப் போக வேண்டியதில்லை. உருவ வழிபாட்டை விரும்பாத பௌத்தர்கள் வெட்டினார்கள் என்பது இன்னொன்று. இதே காலத்து அமராவதிச் சிற்பங்களில் மனித முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது இந்த விளக்கம் நிற்கவில்லை. மூன்றாவது, காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக வெட்டினார்கள் என்பது. பிரிட்டிஷ் மியூசிய நாணயவியலாளர் ஜி.எஃப். ஹில் புதுக்கோட்டைக் காசுகளை ஆராய்ந்தபோதே இந்தத் திசையில் எழுதினார். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. காசுக்குக் காசாக மதிப்புத் தருவது அரசனின் தலை. அந்தத் தலையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது தங்கம், அவ்வளவுதான். இனி இதை எண்ணி வாங்காதே, நிறுத்து வாங்கு என்று வெட்டியவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த வெட்டு இங்கிருந்த ஒரு பொறுப்பாளர், வணிகரோ அரசு அலுவலரோ, ரோமானிய அரசின் மேல் இட்ட கையெழுத்து. ரோமில் கிடைக்கும் அழகிய அவுரியஸில் அந்தக் கையெழுத்து கிடையாது. புதுக்கோட்டைக் காசில் ஒரே பரப்பில் இரண்டு நாடுகள் பேசுகின்றன.

வெட்டாத இடத்தில் துளையிட்டார்கள். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் தலைக்கு மேலே இரட்டைத் துளை உண்டு. வேறு சிலவற்றில் வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கும். துளை அங்கே இருந்தால்தான் கோத்து அணியும்போது முகம் நேராக நிற்கும். அதாவது ஒரே நிலத்தில் ஒருவர் அந்த முகத்தை ரத்து செய்தார். இன்னொருவர் அது சரியாமல் நேராகத் தெரியட்டும் என்று இடம் பார்த்துத் துளைத்தார். கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. அவற்றில் ரோமானிய முறையில் பக்கவாட்டாகப் பொறித்த ஓர் அரசனின் தலை. அதற்கு மேல் தமிழ் பிராமி எழுத்தில் மாக்கோதை என்று பெயர். குட்டுவன் கோதை பெயரிலும் இப்படிக் காசு உண்டு. யானையும் வில்லும் மரமும் பொறித்துவந்த நாட்டில் ஓர் அரசன் தன் முகத்தைக் காசில் பார்க்க விரும்பினான் என்றால், அதற்கு முன் அவன் கைகளில் எத்தனை டைபீரியஸ் புரண்டிருக்க வேண்டும்! கலைத்திறனில் மாக்கோதை அகஸ்டஸுக்கு ஈடாக மாட்டான். ஆனால் தமிழ்நாட்டுச் சேகரிப்பில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பன்னிரு சீசர் வரிசை முழுவதும் சொல்லாத ஒன்றை அவை சொல்லும்.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டைப் பொருட்படுத்திப் பதில் சொல்ல வேண்டும். நான் ஆய்வாளன் அல்ல, அழகுக்காகச் சேர்க்கிறேன், என்னை ஏன் வரலாற்றுக்குக் கட்டுப்படுத்துகிறாய் என்பது முதலாவது. அழகுக்காகச் சேர்ப்பது அவரவர் உரிமை. ஆனால் பழுதற்ற முகத்துக்கு மட்டும் பணம் தருவேன் என்று சந்தை முடிவுசெய்தால் இரண்டு விளைவுகள் வரும். புதையல் ஒன்று கிடைத்தவுடன் நல்ல முகங்கள் தனியே பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். தேய்ந்ததும் வெட்டியதும் உருக்குப் பட்டறைக்குப் போகும். இரண்டாவது, போலி பெருகும். போலி செய்பவர் தேர்ந்தெடுப்பது எப்போதும் அழகான முகத்தைத்தான். வார்த்தெடுத்த போலியை இங்குள்ள பிரஸ் ஷாப் ஊழியரே கண்டுபிடித்துவிடலாம். விளிம்பில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குமிழ்கள் தெரியும். எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். அடித்த காசிலோ உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய நுண்ணிய கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஆனால் அசல் காசிலிருந்தே டையைப் படியெடுத்து அடிக்கும் இன்றைய போலிகளுக்கு இந்தச் சோதனைகள் போதாது. அங்கே காசைக் காப்பது ஒன்றுதான்: இது எங்கே, எப்போது, எந்தக் காசுகளோடு கிடைத்தது என்ற எழுத்துப் பதிவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இவற்றில் பாதிகூட மிஞ்சியிருக்காது; அரசும் அருங்காட்சியகமும் எட்டாத இடத்தில் அவர்கள்தானே காப்பாற்றினார்கள் என்பது அது. முழுக்க உண்மை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியை நினைத்துப் பாருங்கள். சங்ககாலத் தமிழ்க் காசுகளைப் பற்றி நாம் இன்று பேசுவதில் பெரும்பங்கு அவர் சேகரித்து, படம் எடுத்து, எடை குறித்து, வெளியிட்டதால் வந்தது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளுக்கென்றே 1994-இல் தனி நூல் எழுதினார். அந்தச் செப்புக்காசுகளில் அழகு தேடினால் ஏமாற்றம்தான். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மிளகாய் விதையைவிடச் சற்றே பெரிய தேய்ந்த தலைகள். யார் என்று தெரியவே உருப்பெருக்கி வேண்டும். அமராவதி, வைகை ஆற்று மணலில் அவை குவியலாகக் கிடைத்ததால்தான் ரோமானிய வணிகம் முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பதும், கடைசிக் காலத்தில் இங்கே சில்லறையே புழங்கியது என்பதும் விளங்கின. ஆகவே சேகரிப்பாளர் வேண்டும் என்ற வாதம் என் வாதத்துக்கு எதிரானதல்ல. முகத்தை மட்டும் பார்க்கும் சேகரிப்பாளருக்கும், ஆற்றின் பெயரையும் எடையையும் எழுதிவைக்கும் சேகரிப்பாளருக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் காட்ட முயல்கிறேன்.

இந்த மாவட்டத்தாருக்கு இதைப் புரியவைப்பது எளிது, ஏனென்றால் நடுகற்கள் இங்கே ஏராளம். ஆநிரை மீட்டு இறந்தவனின் கல்லைப் பெயர்த்து ஒரு வீட்டின் வரவேற்பறையில் நிறுத்தினால் சிற்பம் அப்படியே இருக்கும். எந்த ஊர்ச் சண்டை, எந்த வழி, எந்த எல்லை என்பவை போய்விடும். காசு கையடக்கமானது என்பதால் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி நடைமுறை. இந்தியாவில் பெரும்பாலான காசுப் புதையல்கள் தொல்லியலாளர் தோண்டி வந்தவை அல்ல. யஷ்வந்த்பூரைப் போல, வேறு வேலைக்காக மண்ணை வெட்டியபோது வந்தவை. இன்று ஓசூரிலிருந்து சூளகிரி, பர்கூர் வரை சிப்காட் விரிவாக்கத்துக்கும் லேஅவுட்டுக்கும் சாலைக்கும் நடக்கும் மண்வேலை கொஞ்சநஞ்சமல்ல. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர், என்ன கிடைத்தது, எங்கே, என்று கிடைத்தது என்பதை எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் அந்த வணிகமும் செய்யக் கூடாது. ஆனாலும் கண்டவர்கள் சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கு முன் பழைய சட்டத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். உரியவர் இல்லாத புதையலில் கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் அது தருகிறது. ஆனால் அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தந்தால் போதும் என்றும் சொல்கிறது. சந்தையில் பல மடங்கு விலைபோகும் தெனாரியஸுக்கு இந்தக் கணக்கில் வெள்ளி விலையும் கொஞ்சமும்தான் கிடைக்கும். நேர்மையாகச் சொல்ல வருபவரை இது தண்டிக்கிறது. இங்கிலாந்து 1996-இல் கொண்டுவந்த சட்டம் சந்தை மதிப்பையே வெகுமதியாகத் தருகிறது. அதோடு பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு பொருளையும் இடம் குறித்துப் பதிவுசெய்ய ஒரு திட்டத்தையும் நடத்துகிறார்கள். நமக்கும் அப்படியொரு திருத்தம் வேண்டும். நாணயச் சேகரிப்பாளர்களே அதைக் கேட்டு முன்னால் நிற்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை செய்யக்கூடியதும் உண்டு. மண்வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரரும் ஜேசிபி ஓட்டுநரும், பானையோ காசோ கண்ணில் பட்டால் பக்கெட்டை நிறுத்திவிட்டு, அது கிடந்தபடியே செல்போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லட்டும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரை அழைத்துக் காட்டட்டும். காசைப் புளி போட்டோ அமிலத்திலோ தேய்க்க வேண்டாம். வெட்டின் விளிம்பும் துளையின் தேய்மானமும் அதில் அழிந்துபோகும். முகம் நன்றாக இருப்பதைத் தனியே பிரித்து எடுக்க வேண்டாம். உடைந்த பானை ஓடுகளையும் காசுகளோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். காசு எந்தக் காலத்தில் அடித்தது என்பதை டைபீரியஸின் முகம் சொல்லும், அதை இங்கே எப்போது புதைத்தார்கள் என்பதற்குப் பானை ஓடுதான் சாட்சி.